அக்காவின் முழங்காலும் ஆய்வுகூட மாப்பிள்ளையும்

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஓர் இயந்திரமும் உண்டு என்றால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த இயந்திரம் இல்லாவிட்டால் என் அக்காவுக்கு இன்றைக்கு முழங்கால் இருந்திருக்காது.

எங்கள் ஆய்வுகூடம் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய நெல் களஞ்சியம். துப்புரவாக்கி, சுவருக்கு வெள்ளை பூசி, குளிரூட்டி பூட்டியபோதும் மூலை முடுக்கெல்லாம் நெல் வாசம் இருந்தது. செயற்கைக் கால் போடுகிறவர்களுக்கு உறை செய்வதுதான் அங்கே வேலை. செயற்கைக் கால் என்றதும் எல்லாரும் காலைத்தான் பார்ப்பார்கள். பாடாய்ப் படுத்துவது உறை. மிஞ்சியிருக்கும் காலின் மேல் அதை இழுத்துப் போட்டு, அதன் மேல்தான் செயற்கைக் காலை மாட்ட வேண்டும். நடக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க அதில்தான் இறங்கும். வெளிநாட்டு உறைகள் குளிர் நாட்டு ஆட்களை நினைத்துச் செய்தவை. எங்கள் வெயிலில் மத்தியானத்துக்குள் உள்ளே வியர்வை தேங்கிவிடும்.

சிலிக்கோனில்தான் நாங்களும் உறை செய்தோம். அதில் எண்ணெய் கூட்டினால் உறை பஞ்சு மாதிரி மெதுவாக இருக்கும், ஆனால் லேசில் கிழியும். உமியை எரித்து எடுத்த வெள்ளைத் தூளைக் கூட்டினால் கிழியாது, ஆனால் தோலை உரசும். மட்டக்களப்பில் உமிக்கா பஞ்சம்? தூள் தாராளமாகக் கிடைத்தது. இரண்டையும் எந்த அளவில் கலப்பது, எவ்வளவு சூட்டில் இறுக வைப்பது என்பதுதான் தலையிடி. ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பறிக்கும் சாமான்கள் இவை. கையால் கலந்து கலந்து பார்த்தால் என் ஆயுள் முடிந்தாலும் கலவை முடியாது.

அதற்காக வந்ததுதான் அந்த இயந்திரம். ஒரு தண்டவாளத்தில் ஓடும் கை போத்தல்களில் இருந்து உறிஞ்சும், கலக்கும், சிறு வட்ட அச்சுகளில் ஊற்றும், அடுப்புக்குள் தள்ளும். இறுகிய வட்டத்தை இன்னொரு கருவி ஊசியால் அழுத்தி மெதுவைப் பார்க்கும், பிறகு இழுத்துக் கிழித்து உறுதியைப் பார்க்கும். எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அடுத்த கலவை எது என்பதை அதன் கணினியே தீர்மானிக்கும். போன கலவைகளில் கிடைத்த பலனை எல்லாம் வைத்துக்கொண்டு, மெதுவும் உறுதியும் ஒரே நேரத்தில் கூடக்கூடிய இடம் எங்கே இருக்கலாம் என்று ஊகித்து அங்கே போகும். நாங்கள் சோறு தின்னப் போனாலும் அது நிற்காது.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது கணினி நிரல் எழுதும் என் தோழி. ஏறாவூர்க்காரி, என் வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து சேருவார். வந்தவருக்கு வீட்டில் நல்ல அறை, நல்ல சாப்பாடு, நல்ல உபசாரம். இதுவும் அப்படித்தான் வந்து இறங்கியது. இருந்த ஒரே குளிரூட்டியையும் அதற்குக் கொடுத்துவிட்டு நாங்கள் காற்றாடிக்குக் கீழே வேர்த்து ஒழுகினோம். மின்வெட்டு வந்தால் முதலில் அதைப் பார்க்கத்தான் ஓடினோம்.

இனி அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து காட்டு வழியே நடந்தபோது என்னைத் தோளில் வைத்துச் சுமந்திருக்கிறாள். நான் சின்னப் பிள்ளை, அவளும் பெரியவள் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து விறகு எடுக்கப் போன இடத்தில் நிலக்கண்ணி அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அவளுக்கே அந்தப் பேச்சுப் பிடிக்காது. அதற்குப் பிறகு அவள் படித்தாள், பனிச்சங்கேணியில் பாலர் பாடசாலை நடத்தினாள், என்னையும் படிக்க வைத்தாள்.

பிள்ளைகளோடு பாயில் இருந்து எழும்புவதும், பஸ் மிதியில் ஏறுவதும் முழங்கால் இருப்பதால் முடிந்தது. இரண்டு தடவை உறை உரசிப் புண் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து ஆறியது. மூன்றாவதாகவும் புண் வந்து எலும்பு வரைக்கும் பழுத்தால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் நேராகவே சொல்லியிருந்தார். நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். மற்றவர்கள் கேட்டால் விஞ்ஞானம், ஆராய்ச்சி என்று ஏதாவது சொல்லுவேன்.

வைத்தியக் குழுவின் அனுமதி கிடைத்ததும், இயந்திரம் நல்லது என்று சொன்ன கலவைகளில் உறை வார்த்து சில பேருக்குக் கொடுத்தோம். அக்காவும் அவர்களில் ஒருத்தி. ஊசி அளக்கும் மெதுவும் ஆள் உணரும் சுகமும் ஒன்றில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் ஆட்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதைப் புள்ளியாக்கி இயந்திரத்துக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். என்ன கேட்பது? தாளைப் பார்த்து வாசிக்கிற மாதிரி விறைப்பாகக் கேட்டால் சனம் பயந்துவிடும், வீட்டு ஆட்களிடம் கேட்கிற மாதிரிக் கேட்போம் என்று எல்லாருமாகப் பேசி முடிவெடுத்தோம். ஒவ்வொரு பின்னேரமும் தோழியோ நானோ தொலைபேசி எடுப்போம்.

"சுகமா இரிக்கயா அக்கா?"

"ஓம் புள்ள, சுகம். நீங்கெல்லாம் சுகமா?"

எல்லாரும் சுகம் என்றார்கள். சந்தோஷமாக முழுப் புள்ளியைப் போட்டு அனுப்பினோம். எங்களுடைய கெட்டித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் போக்கு மாறியது. எண்ணெயைக் குறைத்துத் தூளைக் கூட்டியது. அடுத்த தடவை இன்னும் கூட்டியது. உறைகள் மாட்டுத்தோல் மாதிரி வந்தன. அவற்றையும் கொடுத்தோம். சுகமா என்று கேட்டோம். சுகம் என்றார்கள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். கிழியாத உறை, நோகாத ஆள், வேறென்ன வேண்டும்?

தோழிக்குத்தான் மனம் கொள்ளவில்லை. ஒரு நாள் காலை நான் வந்து பையை வைக்கும் முன்னமே கூப்பிட்டாள்.

"என்னகா, இஞ்ச ஒருக்கா வந்து பாரு. மாப்பிள்ள தூளக் கூட்டிக்கூட்டிப் போகுது, சுகம் ஒரு சொட்டும் குறையல்ல."

"நல்லதுதானே. உனக்கென்ன?"

"என்ன நல்லது? ஒரே வாய்க்கால்ல மேல் வயக்காரனும் கீழ் வயக்காரனும் தண்ணிக்கு ஒரு நாளும் சண்ட பிடிக்கல்லயெண்டா நீ நம்புவயா?"

நான் வயல்காரர் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. இருந்தாலும் வயல் வட்டையில் தண்ணீர் திறக்கும் காலத்தில் நடக்கும் சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவள். நம்பமாட்டேன் என்றேன்.

"அப்ப மெதுவும் உறுதியும் இப்பிடி ஒத்துமையா இரிக்கிறத மட்டும் எப்பிடி நம்புற? ஆரோ பொய் சொல்லுறாங்க. மாப்பிள்ள இல்ல. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பனிச்சங்கேணிக்குப் போனேன். வழி முழுக்கத் தோழியைத் திட்டிக்கொண்டே போனேன், அவள் சொன்னது பிழையாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்.

அக்கா அலுமாரியில் சாய்ந்து நின்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவர்களோடு பாயில் இருப்பவள். என்னைக் கண்டதும் சிரித்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, காலைக் கழற்று என்றேன். மறுகா பார்க்கலாம், முதலில் தேத்தண்ணி குடி என்றாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு, பிடிவாதமாக முன்னால் இருந்தேன். கழற்றினாள். எலும்பு முடியும் இடத்தில் தோல் உரிந்து, சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"இதென்னகா இது?"

"ஒண்டுமில்ல. கொஞ்சம் உரஞ்சிரிக்கு."

"ஒவ்வொரு நாளும் சுகம் சுகம் எண்டு சொன்னயே!"

"சுகமா எண்டு கேட்டா வேற என்னத்தச் சொல்லுற? ஆரும் சுகமில்ல எண்டு சொல்லுவாங்களா? நோகுதா எண்டு நீ கேக்கல்லயே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா மேலா, எங்கள் மேலா, அந்தச் சொல்லின் மேலா என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்டால் சுகம் என்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. காய்ச்சலில் கிடப்பவனும் வாசலில் ஆளைக் கண்டால் சுகம் என்றுதான் சொல்லுவான். இது எங்கள் ஊர் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது, அது ஊருக்குப் புதிது. சொன்னதைச் சொன்னபடி நம்பி, இவர்களுக்கு எதுவும் நோகாது, இன்னும் உறுதியாக்கலாம் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் இப்போது நினைத்தால் அது அப்படி நம்பியதற்குத்தான் நன்றி சொல்லத் தோன்றுகிறது. மனிதர் என்றால் பாதியை நம்பி, பாதியைத் தள்ளி, ஒரு மாதிரிச் சமாளித்திருப்போம். அது சமாளிக்கவில்லை, பிழையை எங்கள் கண்ணில் குத்துகிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. தோழியும் அதைக் கண்டுகொண்டாள்.

அன்றைக்கே அக்காவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் பார்த்துவிட்டு உடனே வார்டில் சேர்த்தார். வெளியே வந்து என்னிடம், "எலும்புக்குப் போகல்ல எண்டுதான் நினைக்கிறன். மருந்து கேக்குதா எண்டு பாப்பம். கேக்காட்டி மேல எடுக்க வேண்டி வரும்" என்றார். அக்காவிடம் போய், எல்லாம் சரியாம் என்று சொன்னேன். என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்குப் பொய் சொல்ல வராது.

அவள் வார்டில் இருந்த காலத்தில் நான் ஆய்வுகூடத்துப் பக்கம் போகவேயில்லை. தோழி மற்ற உறைகளை எல்லாம் திருப்பி வாங்கினாள். பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். இந்த முறை கேள்வியை மாற்றிவிட்டாள். நோகுதா என்று கேட்டாலும் இல்லை என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நேராகவே, "எந்த இடத்தில ஆகக் கூட நோகுது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மடை உடைந்தது. ஒருவருக்குப் பின்பக்கம், ஒருவருக்கு எலும்பு முனை, ஒருவருக்கு வெயில் ஏறினால் முழுக்க. வாழைச்சேனைப் பக்கத்து ஐயா ஒருவர் உறையில் தொடங்கி, எங்கள் ஆய்வுகூடத்தில் ஏறி, அரசாங்கம் வரைக்கும் திட்டினாராம். அவள் எல்லாவற்றையும் புள்ளியாக்கி, பழைய சுகங்களை அழித்துவிட்டு, மாப்பிள்ளையைத் திருப்பி ஓடவிட்டாள். வார்டில் என்னைப் பார்க்க வந்து ஒரு கிண்ணம் இனிப்பான வட்டிலப்பமும் தந்து, "நீ அக்காவப் பாரு. அத நானும் மாப்பிள்ளையும் பாக்கிறம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவளுக்கு இன்னும் கைம்மாறு செய்யவில்லை. செய்யவும் முடியாது.

மருந்து கேட்டது. வீக்கம் மெல்ல வற்றியது, காய்ச்சல் விட்டது. வெட்டத் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன காலை நான் வார்டுக்கு வெளியே நின்று வெட்கமில்லாமல் அழுதேன். ஆனால் அவர் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பழைய மாதிரி உறை என்றால் இனிக் காலே போடக்கூடாது, ஊன்றுகோல்தான்.

புண் ஆறித் தோல் பிடித்த பிறகு அக்காவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டி வந்தேன். டொக்டரும் வந்திருந்தார். மேசையில் தோழி ரப்பர் வட்டங்களை ஒரே வரிசையில் வைத்திருந்தாள். வரிசையின் ஒரு முனையில் கன்னத்தைப் போல மெதுவானது. மறு முனையில் இழுத்தாலும் கிழியாதது. இடையில் இருப்பவை எல்லாம் ஒன்றில் கொஞ்சம் கூடி மற்றதில் கொஞ்சம் குறைந்தவை. இவற்றை விட இரண்டிலும் திறமானது மாப்பிள்ளைக்கு அகப்படவில்லை. வரிசையில் எங்கே போனாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

"அப்ப எது நல்லது?" என்று அக்கா கேட்டாள்.

"அத மாப்பிள்ள சொல்லாது அக்கா. இவ்வளவுதான் இரிக்கு, வேணுமானத எடு எண்டு நிப்பாட்டிரும்" என்றாள் தோழி.

டொக்டர் மெதுவான முனையைக் காட்டினார். அது சில கிழமைகளில் கிழிந்துவிடும், கிழிந்த விளிம்பே தோலை வெட்டும் என்று தோழி மறுத்தாள். உறுதிப் பக்கம் ஒன்றை அவள் காட்ட, டொக்டர் தலையை ஆட்டி மறுத்தார். நான் நடுவில் ஒன்றைக் காட்டி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாங்கள் மூவரும் அக்காவின் காலை வைத்து அக்காவுக்கு முன்னாலேயே சண்டை பிடித்தோம். அவள் அதைக் காதில் வாங்காமல் ஒவ்வொரு வட்டத்தையும் எடுத்து, நசுக்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

கடைசியில் மெதுப் பக்கத்தில், முனைக்கு இரண்டு தள்ளி இருந்த ஒன்றை எடுத்தாள். அது நாலைந்து மாதத்துக்கு மேல் நிற்காது, ஒவ்வொரு தடவையும் புதிதாக வார்க்க வேண்டும் என்று தோழி விளக்கினாள்.

"ஒவ்வொருக்காவும் இஞ்ச வரணுமா?"

"ஓம் அக்கா. அளவெடுத்து, வார்த்து, போட்டுப் பாக்கணும்."

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள், "முந்தி எனக்குக் கிழியாததுதான் வேணும் எண்டு இரிந்த. ஒருக்காத் தந்தா போதும், மறுகா உங்களுக்குக் கரைச்சல் இல்ல எண்டு. நொந்தாலும் பறவாயில்ல எண்டுதான் நான் நினைச்ச." வட்டத்தை என் கையில் வைத்தாள். "இது கிழியட்டும். நான் வாறன்."

நான் திரும்பிப் போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்று இவ்வளவு நாளும் அக்கா தனியே கணக்குப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கமே சாய்ந்திருக்கிறாள். அதை நான் எங்கள் கெட்டித்தனம் என்று நினைத்துப் புள்ளி போட்டிருக்கிறேன்.

அந்தக் கலவையில் வார்த்த உறையைத்தான் இப்போது போடுகிறாள். முதல் உறை கிழிந்து, இரண்டாவது போட்டிருந்தபோது மட்டக்களப்பில் கிளினிக் நாள் வந்தது. கூடவே போனேன். டொக்டர் சுற்றிவர அழுத்திப் பார்த்தார். தோல் நன்றாக இருக்கிறது, முழங்காலைப் பற்றி இனிப் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தைத் தொடங்குங்கள் டீச்சர் என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

வெளியே நல்ல வெயில். வாவிக்கரை வழியே பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தோம். நான் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா கூப்பிட்டாள்.

"புள்ள, நில்லுகா. நோகுது. கொஞ்சம் இருப்பமா?"

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் இருக்கப் போட்டிருந்த வாங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயமில்லை, களைப்புத்தான். என்னைச் சுமந்து காடு கடந்த காலத்திலும், கால் போன பிறகும், என் வாழ்நாளில் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

ஓடிப்போய் அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன். வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எங்கே நோகுது என்று கேட்டேன், காட்டினாள். நாங்கள் பிடிக்க வேண்டிய வாகரை பஸ் எங்களைக் கடந்து போனது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, காலை நீட்டி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.